அத்தாப்புக் கூரையிலிருந்து ஏர்கண்ட் வரை: நம் மண்டபமும் காற்றும்



பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படிங்க. வர்ற ஆண்டுக் கூட்டத்தில் நம் ஆலய மண்டபத் திருப்பணியைப் பற்றி முடிவெடுக்கப் போறோம். முதல் திட்டப்படி மண்டபத்தின் மூன்று பக்கமும் கண்ணாடி போட்டு அடைச்சு, முழுக்க ஏர்கண்ட் வைப்பாங்க. பின்பக்கம் நிற்கிற இரண்டு வேப்பமரங்களை எடுத்துட்டு அங்கே கார் நிறுத்துமிடம் வரும். இரண்டாவது திட்டப்படி கூரையை உயர்த்தி, மண்டபம் திறந்த மண்டபமாகவே இருக்கும். கையைத் தூக்குறதுக்கு முன்னாடி, இந்த மண்ணில் நமக்கு முன் இருந்தவங்க சூட்டோடு எப்படிப் போராடினாங்கன்னு ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். இது பழம்பெருமை பேசுறதுக்கு இல்லை. அவங்க பட்ட பாட்டிலிருந்து கணக்குப் போடத்தான்.

மலாய்க்காரர்களின் பழைய கம்பத்து வீட்டைக் கவனிச்சிருப்பீங்க. தூண் மேல் நிற்கும் மர வீடு, நிப்பா ஓலை அத்தாப்புக் கூரை, தரை வரைக்கும் திறக்கிற சன்னல், சுவரின் மேல்பகுதியில் செதுக்கு வேலை செய்த மரப்பலகை. அந்தச் செதுக்கு வேலை வெறும் அழகுக்கு இல்லை. மேலே ஏறுகிற சூடான காற்று அது வழியாத்தான் வெளியே போகும். அத்தாப்புக் கூரை சீக்கிரம் சூடாகாது, வெயில் இறங்கினதும் சீக்கிரம் ஆறிடும்.

நம்ம ஊர் வெயிலுக்கும் தமிழ்நாட்டு வெயிலுக்கும் வித்தியாசம் உண்டு. அங்கே பல ஊர்களில் வறண்ட சூடு. தடிச்ச கல் சுவரும் கோயில் குளமும் அதுக்குத் துணை. இங்கே காற்றில் எப்பவும் ஈரம். வேர்வை லேசில் காயாது. உடம்பு மேல் காற்று பட்டால்தான் அது காயும், அப்பத்தான் உடம்பு குளிரும். அதனால இந்த நாட்டில் குளிர்ச்சி என்றால் முதலில் நிழல், அடுத்து காற்றோட்டம். இதை மனசில் வைச்சுக்குங்க. மிச்சக் கதை முழுக்க இதைச் சுற்றித்தான்.

நம்ம ஆலயங்களும் அத்தாப்பில்தான் தொடங்கின. சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தை நாராயண பிள்ளை 1827இல் மரத்தாலும் அத்தாப்பாலும் எழுப்பினார். 1873இல் தம்புசாமி பிள்ளை தொடங்கிய கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயமும் முதலில் அத்தாப்புக் கொட்டகைதான். காற்று நல்லா வந்தது. ஆனா ஒரு தீப்பொறி போதும், எல்லாம் சாம்பல். 1881 ஜனவரியில் கோலாலம்பூர் பட்டணமே தீப்பிடிச்சு எரிஞ்சது. அதே வருஷக் கடைசியில் வெள்ளமும் வந்தது. அதுக்கப்புறம் சிலாங்கூர் ரெசிடென்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம், பட்டணத்துக் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டணும்னு உத்தரவு போட்டார். செங்கல் சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். இன்னிக்கு நாம் பூவும் மாலையும் வாங்கப் போற அதே பிரிக்பீல்ட்ஸ்.

தீ பயம் குறைஞ்சது. இனி வெயிலை என்ன செய்வது? அதுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே ஒரு நல்ல வழி இருந்தது. 1822இல் ராபிள்ஸ் சிங்கப்பூர்ப் பட்டணத் திட்டத்துக்கு உத்தரவு கொடுத்தபோது, ஒவ்வொரு கடைவீட்டுக்கு முன்னாலும் கூரை போட்ட நடைவழி தொடர்ச்சியாக இருக்கணும், அது எப்பவும் திறந்தே இருக்கணும்னு சொன்னார். மலாயில் காக்கி லிமா, நம்ம வாயில் அஞ்சடி. வெயிலோ மழையோ, தெருக்கோடி வரைக்கும் நிழலில் நடந்து போகலாம். சொந்தக்காரரின் கூரை, ஆனா நிழல் ஊருக்கே சொந்தம். கடைவீட்டுக்குள்ளே நடுவில் வானம் பார்த்த முற்றமும் இருந்தது. செட்டிநாட்டு வீட்டு முற்றம் மாதிரியே வெளிச்சமும் காற்றும் அங்கிருந்துதான் உள்ளே இறங்கின.

ஆனா இந்தக் கடைவீட்டிலும் பிறகு கோளாறு வந்தது. ஆள் பெருகினதும் உள்ளே பலகையால் தடுத்துத் தடுத்து இருட்டறைகளா வாடகைக்கு விட்டாங்க. பின்பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிப்போச்சு. காற்று நின்னது, நோய் வந்தது. சிங்கப்பூரில் இறப்பு ஏன் இவ்வளவுன்னு ஆராய பேராசிரியர் சிம்ப்சன் வரவழைக்கப்பட்டார். 1907இல் வந்த அவருடைய அறிக்கை சொன்னது இதைத்தான்: வெளிச்சமும் காற்றும் இல்லாத நெரிசல் அறைகளில் காசநோய் மாதிரி நோய்கள் வளருது, கட்டடங்களுக்குப் பின்னால் சந்து விடணும். இன்னிக்குப் பழைய கடைவீடுகளுக்குப் பின்னால் நாம் பார்க்கிற பல சந்துகள் அப்படி வெட்டித் திறந்தவை. காற்று வர்றதுக்காகக் கட்டடத்தை இடிச்சு வழி விட்டிருக்காங்க, யோசிச்சுப் பாருங்க.

தோட்டத்து லயத்தைப் பற்றி நம்ம பெரியவங்களைக் கேளுங்க. நீளமான கட்டடம், தகரக் கூரை, ஒரு குடும்பத்துக்குச் சின்ன இடம். மத்தியானம் தகரத்துக்குக் கீழே உட்கார முடியாது. அதனால வாழ்க்கையே லயத்து அஞ்சடியிலும் மரத்தடியிலும்தான். தோட்டத்துக் கோயில்கள் பலவற்றில் அம்மன் மரத்தடியில் இருந்ததுக்கு பக்தியும் காரணம், நிழலும் காரணம்.

பிறகு வந்தது ஏர்கண்ட். 1902இல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் ஓர் அச்சகத்துக்காக இதை வடிவமைச்சார். மனுஷனுக்காக இல்லை, ஈரத்தில் காகிதம் சுருங்கி விரியாமல் இருக்க. பிறகுதான் ஆபீஸ், மருத்துவமனை, வீடு என்று எல்லா இடத்துக்கும் வந்தது. அதனால கிடைச்ச நன்மையை மறுக்கவே முடியாது. வயசானவங்க, நோயாளிகள் உயிரை அது காப்பாத்துது. எங்களில் பலர் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவங்க, ஏர்கண்ட் அருமை எங்களுக்குத் தெரியாமல் இல்லை.

ஆனா ஒரு சின்ன விஷயம். ஏர்கண்ட் சூட்டை அழிக்காது, இடம்தான் மாற்றும். உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே ஊதும், கூடவே தான் குடிச்ச மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து ஊதும். ஒரு வீடென்றால் பரவாயில்லை, ஊர் முழுக்க இதையே செய்தால்? தாரும் சிமெண்டும் பகலெல்லாம் வெயிலைக் குடிச்சு ராத்திரியில் கக்குது, அதோட இதுவும் சேருது. சிங்கப்பூரில் ராத்திரி நேரத்தில் கட்டடம் நெருங்கிய பகுதிக்கும் மரம் சூழ்ந்த புறப்பகுதிக்கும் 7 டிகிரி வரைக்கும் வித்தியாசம் அளந்திருக்காங்க. அங்கே 1963இலேயே லீ குவான் இயூ மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கியதன் அருமை இப்பத்தான் முழுசாப் புரியுது.

இதுக்கு மேலே உலகமே சூடாகிக்கிட்டு வருது. பெர்லிஸ் சுப்பிங்கில் 1998 ஏப்ரலில் 40.1 டிகிரி பதிவானது. 2016 ஏப்ரலில் சூடு தாங்காமல் பெர்லிஸ், கெடா பள்ளிக்கூடங்களை மூடினாங்க. 2023 மே மாதம் சிங்கப்பூரில் 37 டிகிரி, நாற்பது வருஷத்தில் அதிகம். இனிமேல் கட்டுற எந்த மண்டபமும் இதைவிடச் சூடான வருஷங்களைப் பார்க்கத்தான் போகுது.

இப்ப நம்ம ஆலயத்துக்கு வருவோம். முதல் திட்டத்தில் ஏர்கண்டின் வெளிப்பெட்டிகள் வைக்கிற இடம் மடப்பள்ளியின் பக்கச் சுவர். வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு அங்கே நம்ம அக்காமார்கள் பெரிய அடுப்புக்கு முன்னாடி மணிக்கணக்கா நிற்கிறாங்க. மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற நமக்குக் குளிர், நமக்குச் சமைக்கிறவங்க முகத்தில் அனல். வாசலில் காரை வழி நடத்துற தம்பிகளுக்கு இப்ப இருக்கிற வேப்பமர நிழலும் போயிடும். இது சரியா?

இன்னொன்று, புகை. ஹோமம், கற்பூரம், சாம்பிராணி, எண்ணெய் விளக்கு இல்லாத கோயில் உண்டா? கண்ணாடிக்குள்ளே அடைச்சா அந்தப் புகை எங்கே போகும்? ஆஸ்துமா பிள்ளைகள், வயசானவங்க அதைத்தான் மூச்சு விடணும். கோவிட் காலத்தில் அடைச்ச அறையில் காற்று நிற்பது எவ்வளவு ஆபத்துன்னு எல்லாரும் கத்துக்கிட்டோம். நூறு வருஷத்துக்கு முன்னாடி சந்து வெட்டித் திறந்ததை நாமே கண்ணாடி போட்டு மூடலாமா?

ஏர்கண்ட் கேட்கிறவங்க மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. போன திருவிழாவில் பெரியவங்க பட்ட சிரமத்தை நாங்களும் பார்த்தோம். அதனால எங்கள் குழுவின் யோசனைகள் இவை:

கூரையை உயர்த்தி, உச்சியில் சூடான காற்று வெளியேற இடைவெளி விடணும். தகரத்துக்குக் கீழே வெப்பத்தடுப்பு, மேலே வெள்ளைப் பூச்சு. ஃபேக்டரியில் நாங்கள் தினமும் பார்க்கிற மாதிரி மெதுவாச் சுற்றுகிற பெரிய மின்விசிறிகள். வயசானவங்க, கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரங்களுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு ஏர்கண்ட் அறை, அதன் வெளிப்பெட்டி ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம். மடப்பள்ளிக்குப் புகையையும் அனலையும் இழுத்துத் தள்ளுகிற விசிறி. பிரகாரத்தில் தமிழ்நாட்டுக் கோயில்களில் செய்வது போல வெள்ளைக் குளிர் பெயிண்ட் நடைவழி. அந்த இரண்டு வேப்பமரங்களும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

அத்தாப்பு தீக்கு இரையானது, செங்கல் வந்தது. கடைவீட்டில் காற்று நின்னது, சந்து வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு தொல்லை தீரும்போது இன்னொன்று எங்கேயோ முளைச்சது, அதை அனுபவிச்சவங்க பெரும்பாலும் ஏழைகளும் வேலைக்காரங்களும்தான். இந்தத் தடவை அது நம்ம மடப்பள்ளியில் முளைக்க வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

கூட்டத்துக்குக் கட்டாயம் வாங்க. வர முடியாத பெரியவங்களின் கருத்தையும் கேட்டுட்டு வாங்க. மாற்றுக் கருத்து இருந்தாலும் கீழே தாராளமா எழுதுங்க, மரியாதையோடு பேசுவோம்.

அம்மன் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.

ஆலயத் தொண்டூழியர் குழு