பெயர்த்தெழுதிய கைகள்

தமிழகமும் கருநாடகமும் ஆந்திரமும் முட்டிக்கொள்ளும் மூலையில் அமைந்தது வேப்பனப்பள்ளி. அவ்வூர் அடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்களுக்குப் பேர்பெற்றது. ஆநிரை மீட்கப் போரிட்டு மாண்ட வீரரின் பெயரையும் செயலையும் வட்டெழுத்தில் பொறித்த கற்களும் அவற்றுள் உண்டு. கல் நின்றது, எழுத்தும் நின்றது. படிக்கும் பழக்கமோ அற்றுப்போயிற்று. ஊரார்க்கு அது வேடியப்பன் கல், அவ்வளவே. தொல்லெழுத்துப் பயின்றோர் வந்த பின்னரே கல் வாய் திறந்தது.

கணிப்பொறியில் நாம் சேமிப்பவற்றுக்கும் இக்கதியே நேரும். 1980களிலும் 1990களிலும் நெகிழ்வட்டுகளே கணிப்பொறியின் ஏடுகளாயிருந்தன. சோனி நிறுவனம் 2011இல் ஜப்பானில் அவற்றின் விற்பனையை நிறுத்திக்கொண்டது. வட்டு கெடாதிருப்பினும் அதைச் செருகப் பொறி வேண்டுமே!

நம் முன்னோர் ஓலையை நம்பியவரல்லர், பெயர்த்தெழுதுவதையே நம்பினர். செல்லரித்த ஏட்டைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதினர். உமறுப்புலவரின் சீறாப்புராணம் அவ்வாறே ஏடுகளில் வாழ்ந்து, 1842இல் புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் முயற்சியால் அச்சேறியது. அது நிகழாதிருந்தால் நம் கைக்கு எத்தனை படலங்கள் எட்டியிருக்குமோ!

1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இக்காப்பியத்தையும் மின்னெழுத்தில் ஏற்றியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் முதலிய அன்பர்கள் ஊதியமின்றி இழுத்த தேர் அது. ஆனால் கணிப்பொறி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே வைத்துக்கொள்ளும். எந்த எண் எந்த எழுத்து என்னும் அட்டவணை மாறினால் 'க'வும் 'ம'வும் பொருளற்ற குறிகளாகும். திஸ்கி முறையில் அமைந்த நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றவேண்டியதாயிற்று. ஓலைக்குச் செல், மின்னேட்டுக்கு அட்டவணை.

கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூற்குவியலைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் வாங்கித் தமிழகத்திலேயே வைத்து நுண்படமாக்க வழிசெய்தது. நுண்படத்தைப் படிக்க ஒளியும் உருப்பெருக்கும் கண்ணாடியும் போதும். புதுமை குன்றிய இம்முறையே நெடுநாள் காப்புக்கு ஏற்றதென்பது நம் கருத்து. படிகள் ஓரிடத்தில் மட்டும் இருத்தலும் ஆகாது. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் ஓரிரவில் சாம்பலாயின; அவற்றோடு வேறெங்கும் படியில்லாத ஓலைச்சுவடிகளும் போயின.

நம் வீட்டுப் பெட்டிகளில் அரபுத்தமிழ்க் கிதாபுகள் எத்தனையோ! தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளுக்குப் புள்ளி கூட்டி எழுதிய அவற்றைப் பாட்டிமார் தடையின்றி ஓதினர், பேத்திமார் எழுத்துக்கூட்டுகின்றனர். அருகிலேயே நாகூர் ஹனிபாவின் ஒலிநாடாக்கள், திருமண ஒளிநாடாக்கள். நாடாவிலுள்ளதை வேறொன்றில் ஏற்றித்தரும் பொறி சில கடைகளில் இன்னும் ஓடுகிறது. கிதாபைப் படித்துக்காட்டும் மூதாட்டியரும் சில இல்லங்களில் இன்னும் இருக்கின்றனர்.