கட்டப்படாத சிப்பிக்கூரை

‘ஷெல்’ எனப்படும் மெல்லிய கான்கிரீட் கூரைக்கு ‘ஓட்டுக்கூரை’ என்று பெயரிட்டால், நம்மவர் உள்ளம் ஊரிலுள்ள ஓட்டு வீட்டையே நாடும். ஆதலின் சிப்பிக்கூரை என்றே சொல்வோம். சிப்பியின் வலிமை அதன் கனத்தில் இல்லை, வளைவில் உள்ளது. செம்பூர்க் குடியிருப்புகளின் தட்டைத் தளம் பாரத்தால் தொய்ய முயல்கிறது. அப்போது அடிப்புறம் இழுபடும். கான்கிரீட் இழுப்பைத் தாங்காது. ஆகவே அங்கே இரும்புக் கம்பிகளை இடுகின்றனர். தக்க வளைவுடைய சிப்பிக்கூரையிலோ பாரம் பெரும்பாலும் அழுத்தமாகவே ஓரங்களுக்கு இறங்கிவிடும். அழுத்தத்தைத் தாங்குவது கான்கிரீட்டின் இயல்பு.

எந்த வளைவும் இதற்குப் போதுமா? போதாது என்பதைச் சிட்னி நகரத்து இசைநாடக அரங்கின் வரலாறு காட்டுகிறது. 1957-இல் டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சோன் போட்டியில் வென்றபோது, பாய்மரம் போன்ற அவருடைய கூரைகள் கைபோன போக்கில் வரைந்த கோடுகளே. கணித வடிவம் பெற்றவையல்ல. ஓவ் ஆரூப் நிறுவனத்தில் ரொனால்ட் ஜென்கின்ஸ் என்னும் சிப்பிக்கூரை வல்லுநர் அவற்றை ஆராய முற்பட்டார். பரவளைவு முயலப்பட்டது, பின்னர் நீள்வட்டம். அக்காலத்துக் கணிப்பொறியும் துணைக்கு வந்தது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மாதிரியும் சோதிக்கப்பட்டது. கண்டது யாதெனில், நிமிர்ந்தெழுந்து கூர்முனையில் முடியும் அவ்வடிவம் தன் பாரத்தாலும் காற்றாலும் வளையும். மெல்லிய தோல் அதற்கு ஈடுகொடாது.

1961-இல் எல்லாக் கூரைகளையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் துண்டுகளாக மாற்றியமைத்தனர். இன்று அங்கு நிற்பது சிப்பியன்று. முன்வார்த்த விலா எலும்புகளை எஃகு வடங்களால் இறுக்கிய கட்டுமானம். 1973-இல் அரங்கு திறக்கப்படுமுன், 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்ற மதிப்பீடு 10 கோடியே 20 லட்சமாக வளர்ந்துவிட்டது. கூரை மட்டுமே இதற்குக் காரணமன்று. எனினும் அதன் பங்கு சிறிதன்று. வென்ற படத்திலிருந்த மெல்லிய கூரையோ தாளிலேயே தங்கிற்று.

ஏறக்குறைய அதே காலத்தில் நம் நாட்டில் இக்கேள்வி தலைகீழாய் எழுந்தது. சிமெண்டும் இரும்பும் அருமையாயிருந்த நாட்கள் அவை. ரூர்க்கியில் ஆராய்ந்த பொறியியலறிஞர் ஜி. எஸ். ராமசுவாமி, வடிவத்தை வரைந்துவிட்டுப் பாரத்தைக் கணக்கிடவில்லை. பாரத்தையே வடிவம் வரையவிட்டார். சதுரச் சட்டத்தில் துணியைக் கட்டி ஈரக் கலவையைப் பரப்பினால் துணி தொய்யும். அத்தொய்வில் இழுப்பு மட்டுமே உண்டு. இறுகியபின் கவிழ்த்தால் இழுப்பெல்லாம் அழுத்தமாகும். 17ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் சங்கிலியை வைத்துச் சொன்ன உண்மைதான் இது. ஸ்விட்சர்லாந்தின் ஹைன்ஸ் இஸ்லரும் இவ்வழியை 1959-இல் மாட்ரிட் மாநாட்டில் எடுத்துரைத்தார். ஆனால் அவர் அகன்ற கூடங்களை எழுப்பினார். இங்கோ சுமார் ஒரு மீட்டர் சதுரமுள்ள சிறு துண்டுகளாக, ஓரே அச்சில் பலவற்றை வார்த்து, சாதாரண வீடுகளுக்குக் கூரையிட வழி காணப்பட்டது.

குறையும் உண்டு. மேலே இன்னொரு மாடி வேண்டுமாயின், வளைவுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களை நிரப்பித் தரையைச் சமனாக்க வேண்டும். மிச்சம் பிடித்த சிமெண்டில் ஒரு பங்கு அங்கே போய்விடும்.