கொழும்புக்கு எத்தனை நாழிகை?

மதுரைச் சீமையில் நம்மில் பலருக்குச் சென்னை நம் ஊர், கொழும்பு அயல்நாடு. நிலப்படமோ வேறு கணக்குச் சொல்கிறது. மதுரை விமான நிலையத்திலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் சென்னை ஏறத்தாழ 420 கிலோமீட்டர்; கொழும்பின் கட்டுநாயக்கா ஏறத்தாழ 350. மேற்கே மலையடிவாரத்து எழுமலையிலிருந்து அளந்தாலும் கொழும்புதான் பக்கம். 2012 செப்டம்பரில் மதுரை–கொழும்பு நேரடி விமானம் தொடங்கியபோது, பறக்கும் நேரம் ஒரு மணி அளவே. எழுமலையிலிருந்து உசிலம்பட்டி வழியாகப் பேருந்தில் மதுரை வந்து சேரவே அந்த நேரம் போதாது.

இதே தொலைவை நம் முன்னோர் கால்களால் அளந்தனர். 1830களில் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் எழுந்தபோது, மதுரை, இராமநாதபுரம், திருச்சிப் பக்கத்து ஏழைக் குடியானவர்கள் கங்காணிகளின் பின்னே கடற்கரைக்கு நடந்தனர். தோணியேறி மன்னார்க் கரை இறங்கினர். அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு மீண்டும் நடந்தனர். பசியிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம்.

1914இல் அந்த வழி சுருங்கியது. பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னாருக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கப்பல், அப்பால் கொழும்புக்கு மறுபடி ரயில். 'போட் மெயில்' என்ற பெயர் தென்னாட்டுப் பேச்சில் நிலைத்தது. ஆகாய வழியும் அதிகம் பிந்தவில்லை. 1938இல் டாட்டாவின் தபால் விமானம் இரத்மலானையில் இறங்கியது. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் விமானம் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. ஆயினும் எளியவர்களின் வழி கப்பலாகவே இருந்தது.

1964 இரண்டு அடிகளைத் தந்தது. அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னைக்கு ஒத்திவைக்கப்பட்டது. டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடியது. தலைமுறைகளாகத் தேயிலை பறித்தவர்கள் அதில்தான், பலர் கண்டே இராத 'தாயகத்துக்கு'த் திரும்பி, மண்டபம் முகாமில் இறங்கினர். உறவுகளில் பாதி அக்கரையிலேயே நின்றது. எண்பதுகளில் போர் மூண்டதும் அந்தக் கப்பலும் நின்றது.

அதன்பின் பல்லாண்டுகள், மதுரைக்காரர் கொழும்பு செல்லத் திருச்சிக்கோ சென்னைக்கோ போய்த்தான் விமானம் ஏற வேண்டியிருந்தது. மிக அருகிலிருந்த ஊர் மிகத் தொலைவானது.

கடல் அகலவில்லை, கிலோமீட்டரும் மாறவில்லை. ஒருகாலத்தில் உடல் வலிமையும், பின்பு பயணச்சீட்டும், அதன்பின் குடியுரிமைத் தாளும் தொலைவைத் தீர்மானித்தன. விமானத்தின் ஒரு மணி நேரத்தை வியக்கும் நாம், அதே வழியில் நடந்தவர்களையும் திருப்பி அனுப்பப்பட்டவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் இந்தத் தூரத்தின் கணக்கு முழுமையாகும்.