பால்காரர் வீடும் பிளாக்ஸ் வீடும்

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பிரிட்டிஷ் தம்பதியின் நாள் எப்படிக் கழிகிறது என்று யாராவது கேட்டால், சமூகவியல் நூல் எதையும் நான் காட்ட மாட்டேன். இரண்டு சித்திரக்கதைகளை எடுத்துக் கொடுப்பேன். இரண்டையும் எழுதி வரைந்தவர் ரேமண்ட் பிரிக்ஸ் (1934–2022). 'தி ஸ்னோமேன்' வரைந்தவர் என்றால் பலருக்கு நினைவு வரும். 1982இல் வந்த 'வென் த விண்ட் ப்ளோஸ்' சுமார் நாற்பது பக்கம். 1998இல் வந்த 'எதெல் அண்ட் எர்னஸ்ட்' ஏறக்குறைய நூறு பக்கம். முன்னதில் வரும் ஜிம், ஹில்டா பிளாக்ஸ் கற்பனை மனிதர்கள். பின்னதில் வருவோர் பிரிக்ஸின் சொந்தத் தாய் தந்தையர். கற்பனைத் தம்பதியையும் தன் பெற்றோரை வைத்துத்தான் உருவாக்கினார் என்பது ஊரறிந்த விஷயம். ஆக, ஒரே இணையரை ஒரு மகன் இரண்டு முறை முதுமைக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஒரு முறை அணுகுண்டுக்கு அடியில், இன்னொரு முறை அரசு மருத்துவமனைக் கட்டிலில்.

பெயரிலேயே வித்தியாசம் தொடங்கிவிடுகிறது. பிளாக்ஸ் என்பது பிரிட்டனில் யாரோ ஒரு சாமானியன் என்பதற்குப் பேச்சுவழக்கில் போடும் பெயர். எதெலுக்கும் எர்னஸ்டுக்கும் கதவு எண்ணோடு முகவரி உண்டு, வீட்டுக் கடன் உண்டு, கல்யாண வருஷம் உண்டு.

முதலில் பிளாக்ஸ் வீடு. ஜிம் ஒருகாலத்தில் பொதுக் கழிப்பறையில் பணியாளராக இருந்தவர். 'ஜென்டில்மேன் ஜிம்' (1980) என்ற முந்தைய புத்தகத்தில் அந்த வேலையைப் பார்க்கலாம். இப்போது சஸ்ஸெக்ஸ் நாட்டுப்புறத்தில் ஒரு சின்ன வீடு. பஸ்ஸில் ஊருக்குள் போய், நூலகத்தில் எல்லாப் பத்திரிகையையும் படித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புவது அவர் வழக்கம். உலக நிலவரம் கவலைக்கிடம் என்று அவர் சொல்ல, ஹில்டா அடுப்பைப் பார்த்தபடியே 'உம்' கொட்டுகிறார். இன்னும் மூன்று நாளில் யுத்தம் வரலாம் என்கிறது ரேடியோ. நூலகத்திலிருந்து எடுத்துவந்த அரசுப் பிரசுரங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு ஜிம் வேலையில் இறங்குகிறார். கதவுகளைக் கழற்றிச் சுவரில் 60 டிகிரி சாய்த்து நிறுத்த வேண்டும், ஜன்னல் கண்ணாடிக்கு வெள்ளை அடிக்க வேண்டும், சாய்த்த கதவுகளுக்குள் பதினான்கு நாள் ஒடுங்கிக் கிடக்க வேண்டும். ஒரு பிரசுரம் சொல்வதற்கும் இன்னொன்று சொல்வதற்கும் ஒத்துப்போகவில்லை. அதனால் என்ன, இரண்டையும் செய்துவிட்டால் ஆயிற்று என்பது ஜிம்மின் போக்கு.

இதில் பெரும்பகுதி பிரிக்ஸின் கற்பனை அல்ல. 'ப்ரொடெக்ட் அண்ட் சர்வைவ்' என்ற கையேட்டை பிரிட்டிஷ் அரசு 1980இல் அச்சிட்டு 50 பென்ஸ் விலைக்கு விற்றது. சாய்த்த கதவு, வெள்ளையடித்த ஜன்னல், பதினான்கு நாள் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. கேலிச்சித்திரக்காரனுக்கு மிச்சமே வைக்காத கையேடு. ஹில்டா மட்டும் இதில் எதற்கும் மசிவதில்லை. வெள்ளை அடிக்கும்போது திரைச்சீலையில் பட்டுவிடப் போகிறது, நல்ல குஷனெல்லாம் அழுக்காகிவிடப் போகிறது என்பதே அவர் கவலை. ஏவுகணை வந்துகொண்டிருக்கிறது என்று அறிவிப்பு வரும் நேரத்திலும் அடுப்பில் கேக் கருகிவிடுமே என்று தவிக்கிறார்.

இனி பால்காரர் வீடு. 1928இல் லண்டனின் பணக்காரப் பகுதியான பெல்கிரேவியாவில், ஒரு பெரிய வீட்டின் பணிப்பெண் ஜன்னல் வழியே மஞ்சள் தூசித்துணியை உதறுகிறாள். கீழே சைக்கிளில் போகும் இளைஞன் தனக்குத்தான் கையசைக்கிறாள் என்று நினைத்துப் பதிலுக்குக் கையசைக்கிறான். 1930இல் கல்யாணம். விம்பிள்டன் பார்க் பகுதியில் 825 பவுண்டுக்கு, 25 வருஷக் கடனில் ஒரு வரிசை வீடு. 1971இல் இருவரும் இறக்கும்வரை அதே வீடுதான். எர்னஸ்ட் பால் ஊற்றுகிறார். எதெல் வீட்டைத் துடைக்கிறார். குளியலறை கண்டு பூரிப்பது, ரேடியோ, டெலிபோன், டிவி, கார் என்று ஒவ்வொன்றாய் வாசல் தாண்டி உள்ளே வருவது, இதுதான் புத்தகத்தின் ஓட்டம். எர்னஸ்ட் லேபர் கட்சிக்காரர். எதெலுக்கோ தாங்கள் தொழிலாளி வர்க்கம் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். அந்தச் சண்டை நாற்பது வருஷம் ஓய்வதில்லை; ஆனால் அதனால் அந்த வீட்டில் ஒரு வேளைத் தேநீரும் நின்றதில்லை.

இரண்டு வீட்டிலும் பேச்சின் கட்டுமானம் ஒன்றே. புருஷன் பேப்பரைப் பார்த்து உலகத்தை உள்ளே இழுக்கிறார். மனைவி அதற்கு வீட்டுக்குள்ளிருந்து ஒரு பதில் சொல்லி அதைத் திரும்ப வெளியே தள்ளுகிறார். ஹிட்லர், பிரதமர் அட்லீ, ஹிரோஷிமா, 1969இல் நிலாவில் கால்வைத்தது என எல்லாம் எதெலின் சமையலறைக்குள் வந்துபோகின்றன. அங்கே போய் என்ன செய்வார்கள் என்று அவர் கேட்டால் நிலாப் பயணமே சற்றுச் சிறுத்துப்போகிறது. எதெல் வீட்டில் செய்தி வந்தவழியே போய்விடுகிறது. ஹில்டா வீட்டில் ஒரே ஒரு முறை உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. இரண்டு பெண்களும் உலகத்தை ஒரே மாதிரிதான் கையாண்டார்கள். ஒருத்திக்கு அது கடைசிவரை பலித்தது, மற்றவளுக்குப் பலிக்கவில்லை. பலித்ததும் பலிக்காததும் அவர்கள் கையில் இல்லை.

முதல் புத்தகத்தைப் பற்றி ஒரு குறை சொல்வதுண்டு: ஜிம்மும் ஹில்டாவும் நம்ப முடியாத அளவுக்கு அப்பாவிகள், ஒரு படித்த கலைஞர் தன்னைப் பெற்ற வர்க்கத்தைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று. 1982 புத்தகத்தை மட்டும் படித்தால் எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. பெரிய பெரிய சொற்களை ஜிம் உளறும் இடங்களில் சிரிப்பு கொஞ்சம் மலிவாகவே விழுகிறது. ஆனால் பதினாறு வருஷம் கழித்து வந்த புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்தக் குறை நிற்பதில்லை. எர்னஸ்டுக்கு அரசாங்கம் என்பது என்ன? இரண்டாம் உலக யுத்தத்தில் தோட்டத்தில் புதைத்துக்கொள்ளத் தகரக் குடில் கொடுத்தது. பங்கீட்டு அட்டை கொடுத்தது. 1948இல் காசு கேட்காத மருத்துவத்தைக் கொடுத்தது. பால்காரர் மகனை கிராமர் ஸ்கூலில் படிக்கவைத்தது. 65 வயதில் ஓய்வூதியம் கொடுத்தது. 1909இல் முதன்முதலாக முதியோர் ஓய்வூதியம் வந்தபோது அது 70 வயதானவர்களுக்கு, அதுவும் வறியவர்களுக்கு, வாரம் ஐந்து ஷில்லிங்தான். எர்னஸ்டின் அப்பா தலைமுறைக்கு 'ரிட்டயர்மென்ட்' என்றொரு பருவமே சரிவர இருந்ததில்லை. இவ்வளவும் தந்த கை ஒரு பிரசுரத்தை நீட்டினால் அதை வாங்கி, எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றாமல் என்ன செய்வார் ஒருவர்? ஜிம்மின் கீழ்ப்படிதல் மடத்தனம் அல்ல. எர்னஸ்டின் வாழ்க்கை முழுக்க அது பலன் தந்த பழக்கம். மாறியது குண்டின் அளவு. அதைத் தெரிந்தே மறைத்தது பிரசுரம் எழுதியவர்கள். பிரிக்ஸின் கோபம் அவர்கள்மேல்தான். பதிப்பகம் நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி அனுப்பியதும் அதனால்தான்.

இன்னொரு ஒப்பீடு எனக்கு இதைவிட முக்கியம். பழைய யுத்தத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஜிம்மும் ஹில்டாவும் குழைந்துபோகிறார்கள். பதுங்குகுடில், இருட்டடிப்பு, சங்கொலி முடிந்ததும் தேநீர் என எல்லாம் இனிப்பான நினைவு. அந்தக் காலமே நல்ல காலம் என்கிற தொனி. அதே இரவுகளை 'எதெல் அண்ட் எர்னஸ்ட்' நடந்தபடியே காட்டுகிறது. தீயணைப்புத் துணைப்படையில் இருந்த எர்னஸ்ட், துறைமுகத் தீயில் மணிக்கணக்காக நின்றுவிட்டு வீட்டுக்கு வருகிறார். பார்த்ததைச் சொல்ல வாயெடுத்து, மேசையில் தலை சாய்த்து அழுகிறார். எதெல் பக்கத்தில் நிற்கிறார். ஜிம்மின் நினைவிலிருந்து காணாமல்போனது இந்தப் பக்கம்தான். பிணங்களை எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்ட நினைவு, அடுத்த யுத்தத்துக்கு மிக வசதியான நினைவு. வயதானவர்கள் ஏன் பழைய யுத்தத்தை இனிக்க இனிக்கப் பேசுகிறார்கள் என்று எரிச்சல்பட்டதுண்டு என்றால், இந்த இரண்டு பக்கங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

ஓய்வு என்று சொல்கிறோமே, அது இரண்டு வீட்டிலும் ஒருவருக்குத்தான். ஜிம்முக்கு நூலகம் போக நேரம் கிடைத்திருக்கிறது. எர்னஸ்டுக்கு விடியற்காலை எழ வேண்டாம் என்றாகியிருக்கிறது. ஹில்டாவும் எதெலும் கல்யாணமான மறுநாள் பார்த்த வேலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இப்போது கூடவே காலடியில் ஒரு புருஷன். குண்டு விழுந்த பிறகும் ஹில்டா வீட்டைச் சுத்தம் செய்யத்தான் எழுகிறார். தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை, பால் வரவில்லை, பேப்பர் வரவில்லை. பால்காரர் மகன் எழுதிய கதையில் உலகம் முடிந்ததற்கு அடையாளம் பால் வராதது என்பதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நோயை எடுத்துக்கொண்டால் இரண்டும் நேர் எதிர்த் திசையில் போகின்றன. ஹில்டாவுக்கு ஈறில் ரத்தம்; பல்செட் சரியாகப் பொருந்தவில்லை என்கிறார் ஜிம். காலில் நீலத் திட்டு. அது நரம்புச் சுருட்டல். எல்லாவற்றுக்கும் வீட்டு விளக்கம் ஒன்று கைவசம் இருக்கிறது, டாக்டர் ஒருவர்தான் இல்லை. வாசகருக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது. புத்தகத்தின் பலமும் அதன் கொடுமையும் அங்கேதான். எதெலுக்கு டாக்டரும் உண்டு, கட்டிலும் உண்டு, நினைவுதான் கழன்றுபோகிறது. தன்னைப் பார்க்க வந்துபோன அந்தக் கிழவர் யார் என்று மகனிடமே கேட்கிறார். 41 வருஷம் கூட வாழ்ந்தவர் அவர். அணுகுண்டு விழும் வெள்ளைப் பக்கங்களைவிட இந்த ஒரு கட்டம் என்னை அதிகம் அடித்துப்போட்டது. சில மாதங்களில் எர்னஸ்டும் போய்விடுகிறார்.

வரைந்த விதமும் இந்தப் பிளவைக் காட்டுகிறது. பிளாக்ஸ் வீட்டில் பக்கத்துக்கு இருபதுக்கும் மேலான பொடிப்பொடிக் கட்டங்கள், மூச்சுமுட்ட வசனம். திடீரென்று இரண்டு பக்கத்தை அடைத்துக்கொண்டு ஏவுகணையும் விமானமும் நீர்மூழ்கியும் இருட்டில் வந்து நிற்கும். எதெல் வீட்டில் கட்டங்கள் காற்றாட இருக்கின்றன. இரண்டும் திரைப்படமாயின. 1986இல் ஜிம்மி முரகாமி எடுத்த படத்தில் ஜான் மில்ஸும் பெக்கி ஆஷ்கிராஃப்டும் குரல் கொடுத்தார்கள். வீட்டையும் சாமான்களையும் நிஜ மாதிரிகளாகச் செய்துவைத்து, அதற்குள் மனிதர்களை மட்டும் கையால் வரைந்துவிட்டார் முரகாமி. பாத்திரம் பண்டம் கனமாக இருக்கிறது, புழங்குகிறவர்கள் காகிதம். புத்தகத்தில் இல்லாத நல்ல யோசனை. 2016இல் வந்த 'எதெல் அண்ட் எர்னஸ்ட்' படம் அழகாகவும் விசுவாசமாகவும் இருக்கிறது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

மகன்களையும் சொல்லிவிட வேண்டும். ஜிம்மின் மகன் ரான் நமக்குத் தென்படுவதே இல்லை. டெலிபோனின் மறுமுனையில் இருக்கிறான். அப்பா கதவுகளையும் கோணங்களையும் பற்றிச் சொல்லச் சொல்ல, வெறிபிடித்தவன்போலச் சிரிக்கிறான். எல்லாம் தெரிந்தவன், எதுவும் செய்ய முடியாதவன். எதெல் வீட்டில் அந்த மகன் சட்டகத்துக்குள் வந்துவிடுகிறார்: ஓவியக் கல்லூரிக்குப் போய் அம்மாவை ஏமாற்றமடையச் செய்தவர், தலையை வாரிக்கொள் என்று கடைசிவரை திட்டு வாங்கும் நீள்முடிக்காரர். ரானைப்போல அவர் சிரிப்பதில்லை. பெரும்பாலும் அம்மா போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டு, அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் மறுத்துப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டையும் படிக்க நினைப்பவர்கள் வந்த வரிசையிலேயே படிக்கலாம். எதெலை முதலில் தெரிந்துகொண்டுவிட்டால் பிறகு ஹில்டாவைப் பார்த்துச் சிரிக்க மனசு வராது, பிரிக்ஸோ அந்தப் புத்தகத்தின் முதல் பாதியில் நாம் சிரிக்க வேண்டும் என்றுதான் விரும்பியிருக்கிறார்.