பி. ரம்லியும் சந்திரபாபுவும்: அழுகையில் இரண்டு வகை

மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லி 1973 மே மாதம் கோலாலம்பூரில் மாரடைப்பால் இறந்தார், வயது 44. பத்து மாதம்கூட ஆகவில்லை, சென்னையில் தமிழ் நகைச்சுவை நடிகர் சந்திரபாபு போனார், வயது 46. இருவரும் பாடினார்கள், ஆடினார்கள், படம் இயக்கினார்கள், கடைசியில் கையில் காசில்லாமல் நின்றார்கள். இந்த ஒற்றுமையை யாரும் சொல்லிவிடுவார்கள். மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள தானா ராத்தாவில் இருந்துகொண்டு இருவரையும் நினைக்கும்போது எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று: இவர்களுடைய துயரக் கதையைக் கேட்ட ரசிகர்கள் அழுத விதம்.

கேமரன் மலைத் தோட்டத் தமிழருக்கு இருவரும் வேண்டியவர்கள். சந்திரபாபு திடலில் திரை கட்டிக் காட்டிய படங்களிலும் வானொலியிலும் வந்தார். ரம்லி தொலைக்காட்சியில் வந்தார். ரம்லியின் ‘செனிமான் பூஜாங் லாப்போக்’ (1961) படத்தில் நடிக்கப் போகும் மூன்று வேலையற்ற நண்பர்கள் வாடகை அறையில் வசனம் மனப்பாடம் செய்வார்கள். பக்கத்து அறையில் ஒருவர் டிரம்பெட் ஊதுவார், மோட்டார் சைக்கிள் உறுமும், மனப்பாடம் நடந்தபாடில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவருக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுச் சண்டையும் இருமலும் சுவர் தாண்டி வருவதுதான் லயம்.

எதிர்பாராத உறவு ஒன்றும் இருக்கிறது. ரம்லி முதன்முதலாக இயக்கிய ‘பெனாரெக் பெச்சா’வில் (1955) அவர் ரிக்‌ஷாக்காரர். ‘சபாஷ் மீனா’வில் (1958) சந்திரபாபுவின் இரட்டை வேடத்தில் ஒன்று ரிக்‌ஷாக்காரர். அங்கே ரிக்‌ஷாக்காரன் கண்ணீருக்கு, இங்கே சிரிப்புக்கு. தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த சந்திரபாபு சென்னைத் தெருவின் பேச்சைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். அச்சேவிலிருந்து வந்தவரின் மகனாகப் பினாங்கில் பிறந்தவர் சிங்கப்பூரில் எடுத்த மலாய்ப் படங்களுக்கே முகமானார். அந்த ரம்லியை ‘பக்தி’ (1950) படத்தில் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது.

ஷுஹைமி பாபா இயக்கிய ரம்லி ஆவணப்படம் 2010இல் ஹிஸ்டரி சேனலில் ஒளிபரப்பானது. 1964இல் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்தபின் அவர் பட்ட பாட்டை அது மறைக்காமல் காட்டியது: வசதி குறைந்த மெர்டேக்கா ஸ்டூடியோ, வண்ணப் படக் காலத்தில் கறுப்பு வெள்ளை, எடுபடாத படங்கள், கேலி, வறுமை. பார்த்தவர்கள் கலங்கினார்கள். வில்லன் யார் என்று தேடியவர்களும் உண்டு. ஆனால் நான் கேட்டவரை, பேச்சு பெரும்பாலும் ‘நாம்தானே கைவிட்டோம்’ என்பதில் வந்து நின்றது. கோலாலம்பூர்ச் சாலைக்கு 1982இல் அவர் பெயரும், 1990இல் டான்ஸ்ரீ பட்டமும், செத்தாபாக்கில் அவர் வாழ்ந்த வீட்டிலேயே நினைவகமும் முன்பே வந்துவிட்டன. அத்தனை மரியாதை செய்த பிறகும் குற்ற உணர்வு தீரவில்லை.

சந்திரபாபுவுக்கு அப்படி ஊரை உலுக்கிய ஆவணப்படம் வாய்க்கவில்லை. முகில் எழுதிய ‘கண்ணீரும் புன்னகையும்’ நூலும், பத்திரிகைக் கட்டுரைகளும், திரையுலகத்தார் சொன்ன நினைவுகளுமே அந்த வேலையைச் செய்தன. அவற்றைப் படித்த தமிழ் ரசிகர்களும் அழுதார்கள். ஆனால் உடனே கேட்டது ‘யார் செய்தது?’ என்று. பதிலும் தயாராக இருந்தது: எம்.ஜி.ஆரை வைத்து அவர் தொடங்கி நின்றுபோன படம் ‘மாடி வீட்டு ஏழை’. முறிந்த திருமணம், குடி எல்லாம் அதற்கு அடுத்த இடத்தில்தான். இங்குள்ள ஒட்டுக்கடையில் பேச்செடுத்தாலும் இதே வரிசைதான்.

அந்தப் படம் நின்றதில் அவர் நொடிந்தது உண்மை. ஆனால் எம்.ஜி.ஆரின் சொந்தத் தயாரிப்பான ‘அடிமைப் பெண்’ (1969) படத்தில் சந்திரபாபு நடித்திருக்கிறார். அவர் நடித்த ‘கவலை இல்லாத மனிதன்’ (1960) படத்தில் எம்.ஜி.ஆருக்கு வேலையே இல்லை; கண்ணதாசன் தயாரித்த அந்தப் படத்தைத் தோற்கடித்தது கொட்டகைக்கு வராத நாம். சந்திரபாபுவே இயக்கிய ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ (1966) படத்துக்கும் கூட்டம் சேரவில்லை. ஒரே வில்லனை வைத்துச் சொல்லும் கதையில் இந்த மூன்று படங்களுக்கும் இடமில்லை. அப்படிச் சொல்வதில் ரசிகருக்கு ஒரு சௌகரியம்: தம் பங்கு கணக்கில் வராது.

மலாய் ரசிகர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதல்ல என் வாதம். ரம்லி ஒரு தேசத்தின் சின்னமானதால், பழியையும் தேசமே ஏற்கவேண்டியதாயிற்று. சந்திரபாபுவின் கதையிலோ, அவரைவிடப் பெரிய நட்சத்திரம் ஒருவர் குறுக்கே நின்றார். கண் அவர் பக்கமே போயிற்று.

சந்திரபாபுவைப் பற்றி முழுநீள ஆவணப்படம் எடுக்க முன்வருபவர் ‘அடிமைப் பெண்’ணையும் விடாமல் சேர்க்கட்டும். தோட்டத் திடலில் அவர் படம் பார்த்துச் சிரித்தவர்கள் இங்கே இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் பேசிப் பதிவு செய்ய வேண்டுமானால் இப்போதே மலை ஏறி வர வேண்டும்.