சுருக்குப்பைக்கு வெளியே ஒரு சாவி

தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்கு ஏறும் வளைவுப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். மலைமேல் உள்ள ஓர் ஊரில் முதியோர் உதவித்தொகை வாங்க ஒரு மூதாட்டி காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கி முகவர் நீட்டும் சிறு கருவியில் அவர் விரலை வைக்கிறார். ரேகை ஒத்துப்போனால் பணம் கைக்கு வரும்.

ரேகை அக்கருவியை விட்டுக் கிளம்புமுன் யாருக்கும் விளங்காத சங்கேதமாக மாற்றப்படுகிறது. 'இது இந்தக் கருவியில் இப்போதே எடுத்த ரேகை' என்று ஒரு மின்னணுக் கையொப்பமும் இடப்படுகிறது. கையொப்பம் இட ஓர் இரகசிய எண் தேவை. அதையே சங்கேதச் சாவி என்கிறோம். அந்தச் சாவியும் மூதாட்டியின் பழைய ரேகைப் படிவம் ஒன்றும் திருடனுக்குக் கிடைத்துவிட்டால், அவர் விரல் வைக்காமலேயே வைத்ததுபோல் காட்ட அவன் முயலலாம். அப்படியானால் சாவியை எங்கே வைப்பது?

சில்லுக்குள்ளேயே வைத்துவிடலாமே என்பீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் விரைவாகக் கணக்கிடும் சில்லுக்குள், மின்சாரம் நின்றாலும் அழியாத, திருத்தி எழுதக்கூடிய நினைவகத்தைச் சேர்ப்பது செலவு மிக்க வேலை, இடமும் குறைவு. சாவிகளோ பல, அவ்வப்போது மாறுபவை. ஆகவே அருகில் உள்ள வேறொரு நினைவகச் சில்லில் அவற்றை வைக்க வேண்டியதாகிறது. நம் பாட்டிமாரின் சுருக்குப்பையில் எல்லாம் அடங்குமா? நகைகள் பெட்டியில் இருக்கும். பெட்டியின் சாவி மட்டும் சுருக்குப்பையில் இருக்கும். கணிப்பொறி அறிஞர்களும் முதலில் இவ்வழியையே கண்டார்கள்.

அமெரிக்க அரசு 1977-ஆம் ஆண்டில் ஒரு பொதுச் சங்கேத முறையை ஏற்றது. அடுத்த ஆண்டே ஐ.பி.எம். நிறுவனத்தார், அதன் சாவிகளைக் காக்கும் திட்டம் ஒன்றை வெளியிட்டனர். தலைமைச் சாவி ஒன்று மட்டும் காவல்மிக்க உட்பகுதியில் இருக்கும். மற்றச் சாவிகள் அதனால் பூட்டப்பட்டு, சங்கேத வடிவில் வெளியே கிடக்கும். எடுப்பவர் எடுத்தாலும் படிக்க முடியாது. இன்றுவரை இதுவே அடிப்படை.

ஆயினும், பெட்டி திண்ணையில் இருக்கிறது என்பதை மறக்கலாகாது. திருடன் அதைத் திறக்காமலேயே என்னென்ன செய்யலாம் என்பதை அடுத்துவந்த ஆண்டுகள் காட்டின.

வெளி நினைவகத்தில் உள்ள அனைத்தையும் சங்கேதமாகவே வைத்திருந்த சில்லு ஒன்று இருந்தது. டி.எஸ்.5002எஃப்.பி. என்பது அதன் பெயர். பணப் பரிமாற்றக் கருவிகளில் அது பயன்பட்டது. ஆனால் அது ஒவ்வொரு பைட்டையும் தனித்தனியே பூட்டியது. ஒரு பைட்டுக்கு உரிய மதிப்புகள் 256 மட்டுமே. மார்க்குஸ் குன் என்ற ஆய்வாளர் பூட்டை உடைக்கவே இல்லை. வெளியிலிருந்து பைட்டுகளை மாற்றி மாற்றிக் கொடுத்தார். சில்லு என்ன செய்கிறது என்று கவனித்தார். முடிவில் அதன் வாயாலேயே இரகசியத்தைக் கக்கவைத்தார். இதை 1998-இல் வெளியிட்டார். மறைத்தால் மட்டும் போதாது, யாரும் மாற்றாதபடி முத்திரையும் வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம்.

இரண்டாவது பாடம் 2002-இல் வந்தது. முந்தைய ஆண்டின் இறுதியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியில், சாவியும் தொடக்கக் கட்டளைகளும் 512 பைட்டு அளவில் ஒரு சில்லினுள் மறைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் படிக்கும் செயலியோ வேறொரு சில்லு. இடையிலுள்ள மின்தடத்தில் சாவி மறைப்பின்றி நடந்து சென்றது. எம்.ஐ.டி. ஆய்வு மாணவர் ஆண்ட்ரூ ஹுவாங் அத்தடத்தில் தாமே செய்த மின்சுற்றை இணைத்துச் சாவியைப் படித்துவிட்டார். பெட்டி பத்திரமாக இருந்தது. வழியில்தான் காவல் இல்லை.

இன்னும் ஒரு தந்திரம் உண்டு. உங்கள் அட்டையில் 500 ரூபாய் இருக்கும்போது நினைவகத்தை ஒருவர் நகலெடுத்து வைக்கிறார். பணம் செலவானபின் பழைய நகலை அதே இடத்தில் எழுதிவிடுகிறார். பூட்டும் சரி, முத்திரையும் சரி. 500 ரூபாய் மீண்டும் வந்துவிட்டது! இதைத் தடுப்பது எப்படி?

இதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் சீனிவாஸ் தேவதாஸ். சென்னை ஐ.ஐ.டி.யில் 1985-இல் பட்டம் பெற்று, எம்.ஐ.டி.யில் பேராசிரியரானவர். இவருடைய குழுவினர் 2003-இல் 'ஈஜிஸ்' என்ற செயலி அமைப்பை வெளியிட்டனர். வெளி நினைவகத்தை நம்பவே கூடாது என்பது அதன் தொடக்கம். ரால்ஃப் மெர்க்கில் 1979-இல் வகுத்த முறையை அதற்குக் கையாண்டனர். நினைவகத்தைச் சிறு பகுதிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்க எண் கணிப்பார்கள். அந்த எண்களைச் சேர்த்து மேலும் சுருக்குவார்கள். உச்சியில் ஒரே எண் மிஞ்சும். அது மட்டும் சில்லுக்குள் இருக்கும். கீழே ஓர் எழுத்து மாறினாலும், பழைய நகல் வந்தாலும், உச்சி எண் ஒத்துவராது.

சரி, அந்தத் தலைமைச் சாவி? அதற்கும் இக்குழுவினர் 2002-இல் ஒரு வழி சொன்னார்கள். ஒரே அச்சில் வார்த்த சில்லுகளிலும் மின்துடிப்பு செல்லும் நேரம் மிக நுண்ணிய அளவில் வேறுபடும். நம் ரேகைபோல அது சில்லின் ரேகை. அதிலிருந்தே, வேண்டியபோது, சாவியை வருவித்துக்கொள்ளலாம். மின்சாரம் நின்றபின் சில்லைப் பிளந்தாலும் எழுதிவைத்த சாவி அங்கு இராது.

இனி வத்தல்மலைக்குத் திரும்புவோம். 2017-ஆம் ஆண்டில் ஆதார் ஆணையம் பதிவுபெற்ற ரேகைக் கருவிகளைக் கட்டாயமாக்கியபோது இரண்டு படிகளை வகுத்தது. எல்-0 என்ற படியில், கையொப்பமிடும் வேலை கருவி இணைந்துள்ள கணிப்பொறியின் அல்லது கைப்பேசியின் மென்பொருளில் நடக்கும். எல்-1 என்ற படியில், இயக்க மென்பொருளும் எட்டிப்பார்க்க முடியாத தனிக்காவல் பகுதியில் நடக்கும். பின்னர் எல்-1 கருவிகளுக்கு மாறும்படி ஆணையம் பணித்தது. சாவி இருக்கும் இடத்தில்தான் வேறுபாடு. ஆனால் அதைப் பொறுத்தே மூதாட்டியின் பணத்துக்குரிய காவல் அமைகிறது.

அடுத்த முறை ஒரு கருவியில் விரல் வைக்கும்போது, 'இதன் சாவி எங்கே இருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். சாவி வெளியே இருப்பதில் தவறில்லை. அது பூட்டியிருக்க வேண்டும், முத்திரையிட்டிருக்க வேண்டும், பழையதாக இருக்கக் கூடாது. இம்மூன்றையும் சரிபார்க்கும் ஒன்றாவது சுருக்குப்பைக்குள் இருந்தே தீர வேண்டும்.