நன்றியும் நினைவும்

கத்தோலிக்கர் நற்கருணை என வழங்குவதற்குரிய கிரேக்கச் சொல்லின் பொருளே நன்றி செலுத்துதல் என்பதாகும். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது. அதுவரை இலத்தீனில் கேட்ட நன்றியை, மட்டக்களப்பு வாவிக்கரையின் மீனவரும் உழவரும் தம் தமிழிலேயே சொல்லலாயினர். அஃது ஒரு புத்துயிர்ப்பே. ஆயின், அந்நன்றி எவரையெல்லாம் நினைக்கின்றது?

பிரஜைகள் குழுத் தலைவராக மக்கள் துயரை எடுத்துரைத்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார், 1988 ஜூன் 6ஆம் நாள் புளியந்தீவு மரியாள் ஆலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். புனித மிக்கேல் கல்லூரி மாணவருக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றிய அமெரிக்க இயேசு சபைத் துறவி யூஜின் ஹெபர்ட் அடிகளார், 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். அவரும் வந்து சேரவில்லை, உடன் சென்ற இளைஞனும் மீளவில்லை. 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், அதே மரியாள் ஆலயத்தில், பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராசசிங்கம் கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்ட ஐவரும் 2021இல் விடுவிக்கப்பட்டனர்.

விளைந்த நெல்லுக்கும் வலையில் விழுந்த மீனுக்கும் நன்றி சொல்வது நன்றே. நமக்காகப் பேசி வீழ்ந்தோரை மறந்து சொல்லும் நன்றியோ பாதி நன்றிதான். அவர்தம் பெயர் சொல்லி நீதி கேட்கும் மன்றாட்டிலேயே வழிபாடு மெய்யாகப் புத்துயிர் பெறும் என்போம்.